மாட்டு டாக்டரம்மாவும் நின்னு போன கேமராவும்

அண்ணா, அந்தப் பை மேல மட்டும் காலு படாமப் பாத்துக்கோங்க. இல்லீங்க, மேல வெக்க மாட்டேன். போன தடவை மேல வெச்சு, டிரைவர் போட்ட ஒரு பிரேக்குல என்ற உசுரே கீழ வந்துருச்சு. மடியில வெச்சுக்கலாம், ஆனா கனம் ஜாஸ்தி, குன்னத்தூர் போறதுக்குள்ள தொடை மரத்துப் போயிரும். இப்படி ரெண்டு பேரு காலுக்கு நடுவுல இருந்தாப் பத்திரமா இருக்குமுங்க. நீங்க கோபிக்குத்தானுங்க? அப்பச் சரி. எங்க, கல்யாணத்துக்குங்களா? தஞ்சாவூர்ல இருந்து இவ்வளவு தூரம் வர்றீங்களே, பெரிய மனசுதானுங்க.

உள்ள என்னன்னு கேக்க மாட்டீங்கறீங்க. நானே சொல்லீர்றேன். கேமராங்க.

உங்க போன்ல இருக்கறதும் கேமராதான், நான் இல்லீங்கல. ஆனா இது மீடியம் ஃபார்மேட்டுங்க. உங்க போன்ல படம் புடிக்கிற சில்லு எள்ளு அளவு இருக்கும். இதுல தீப்பெட்டி அகலம் இருக்குது. இதுல ஒரு பொண்ணை எடுத்தீங்கன்னா, தோலு நிறம் அப்படியே வரும். வெளுப்பாக்காது, மஞ்சளடிக்காது, மாவு பூசுன மாதிரி ஆக்காது. கன்னத்துல பூனை முடி இருந்தா அதுவும் வரும். இந்த மாதிரி கேமரா எங்க ஜில்லாவுலயே என்கிட்ட மட்டும்தான் இருக்குதுங்க. ஏன்னா மத்தவனெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டான்.

ஆமாங்க, செஞ்ச கம்பெனிக்காரங்களே இந்த வரிசையை நிறுத்திப்போட்டாங்க. பேட்டரி கெடைக்காது. கேபிள் கெடைக்காது. இதோட பேசற சாஃப்ட்வேரு இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல ஏறவே ஏறாது. அதுக்குன்னு ஒரு பழைய கம்ப்யூட்டரை நெட்டுக் கூடக் குடுக்காமப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கறேன். நெட்டுக் குடுத்தா அது அப்டேட் ஆயிருமுங்க. அப்டேட் ஆயிட்டா, நீ யாரு, உன்னை நான் பாத்ததே இல்லியேன்னு கேமராகிட்டக் கேக்கும்.

கோயமுத்தூர்ல நகைக்கடை விளம்பரம் எடுத்துட்டிருந்த ஒருத்தரு புதுசு வாங்குனப்ப இதைக் கழிச்சு உட்டாரு, நான் போய்த் தூக்கிட்டு வந்தேன். எங்கண்ணன் அன்னிக்கிப் பேச்சை நிறுத்துனவரு, இன்னும் நேராப் பேசறதில்ல. இதுக்குப் பதிலா ஒரு கல்யாணத்தைப் பண்ணியிருக்கலாம்னாரு. கல்யாணம் எப்ப வேணாப் பண்ணிக்கலாமுங்க. இதை அன்னிக்கி உட்டிருந்தா வேற எவனாச்சும் கொண்டு போயிருப்பான். நான் சொல்றது தப்புங்களா?

ஒரு குறை இருக்குது, ஒத்துக்கறேன். மெதுவு. க்ளக்குன்னு ஒரு சத்தம், பழைய அம்பாசடர் கார்க் கதவைச் சாத்துற மாதிரி. அப்புறம் ஒரு சின்னப் பச்சை லைட்டு மினுக்கிட்டே இருக்கும். யோசிக்குதுங்க. அது யோசிச்சு முடிக்கற வரைக்கும் அடுத்த படம் எடுக்க முடியாது. இதைக் கொண்டு போயி ஒரு கல்யாணத்துல மாலை மாத்தறதை எடுத்தேன். பச்சை லைட்டு நின்னப்பறம் நிமிந்து பாத்தா, தாலி கட்டி முடிஞ்சு மாப்பிள்ளை ரெண்டாவது ரசம் வாங்கிட்டிருக்கறாரு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன். ரொம்பக் கூட்டலீங்க.

அதனால கல்யாணமெல்லாம் உட்டுட்டேன். அதெல்லாம் பக்கத்துத் தெரு லோகு பாத்துக்கறான். மின்னல் டிஜிட்டல்னு கடை. ஒரு கல்யாணத்துக்கு மூட்டைக் கணக்குல படம் எடுப்பான். நான் பொண்ணு போட்டோ மட்டும். வரன் பாக்கறதுக்கு ஜாதகத்தோட அனுப்பறாங்கள்ல, அது. அதுல பொண்ணு அசையாம நிக்கும், கேமராவும் நிதானமா யோசிக்கும். எங்க பக்கத்துல ஆடி மாசம்தான் இதுக்கு சீசன். ஆடியில நல்ல காரியம் பண்ண மாட்டோம், ஆனா போட்டோ எடுத்து வெச்சுக்குவோம். ஆவணி பொறந்ததும் ஜாதகத்தோட சுத்த உட்டுருவோம்.

அப்படி இந்த ஆடியில வந்ததுதானுங்க நம்ம டாக்டரம்மா கேஸு. அதைத்தான் உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். என்ற அனுபவத்துல இப்படி ஒரு கஸ்டமரை நான் பாத்ததே இல்லீங்க.

பேரு கோகிலவாணி. மாட்டு டாக்டரு. கவுருமென்ட் ஆஸ்பத்திரியில இருக்கறாங்க. அவிங்கப்பா நாச்சிமுத்து ஐயா மஞ்சள் மண்டி வெச்சிருக்கறாரு. பெரிய பொண்ணு போட்டோ நான்தான் எடுத்தேன், இதே கேமராவுல. போட்டோவைப் பாத்துட்டு அமெரிக்காவுல இருந்து மாப்பிள்ளை வந்துட்டாரு. அதுல இருந்து ஐயாவுக்கு இந்தக் கேமரா மேல ஒரு நம்பிக்கை. சின்னதுக்கும் இதுலயே எடுத்துரு பூபதின்னு கொண்டாந்து உட்டாரு.

மொதத் தடவை பட்டுச்சேலை. பொடிப்பொடியாக் கட்டம். இந்தக் கேமராவுக்குப் பொடிக்கட்டம் ஆகாதுங்க. சேலை மேல வானவில்லு ஓடும். பெரிய திரையில போட்டதும் அவிங்கம்மா மெரண்டு போயி, இந்தக் கலரே எங்க சேலையில இல்லியே தம்பின்னாங்க. நான் விளக்கம் சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சுட்டு, அப்ப இன்னொரு நாள் வர்றோம்னாங்க. பெருந்தன்மை பாருங்க. வேற ஆளா இருந்தா லோகுகிட்டப் போயிருப்பாங்க.

ரெண்டாந்தடவை வெறும் பருத்திச் சேலை, ஊதாக் கலரு. வெளிச்சம் அன்னிக்கி அமைஞ்ச மாதிரி எனக்கு எப்பவும் அமைஞ்சதில்ல. மத்தியானம் பூரா எடுத்தேன். திரையில போட்டுப் பாத்தா, எல்லாத்துலயும் கண்ணை மூடியிருக்கறாங்க. ஒண்ணுல கூடத் தெறக்கல. எருமை ஒதைக்க வந்தாக்கூடக் கண்ணு சிமிட்டாத பொம்பளைன்னு ஊரே சொல்லும். க்ளக்குன்னா மட்டும் கண்ணு மூடிக்குது. மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா, சத்தம் ஜாஸ்திதான்னேன். பரவால்ல, பழகிக்கறேன், அடுத்த வாரம் வர்றேன்னாங்க.

அதுக்குள்ள ஐயா பாத்து வெச்சிருந்த சேலத்து டாக்டர் மாப்பிள்ளை வீட்டுல போட்டோவுக்குக் காத்திருந்து காத்திருந்து வேற எடத்துல முடிச்சுட்டாங்க. எனக்குக் கஷ்டமாப் போச்சுங்க. ஐயாகிட்டப் போயி மன்னிப்புக் கேட்டேன். டாக்டரம்மா பக்கத்துல நின்னுட்டு, போனாப் போகட்டும்பா, கேமரா நல்ல கேமரான்னு எனக்காகப் பேசுனாங்க. இந்தக் கேமராவோட அருமை தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான்.

அதுக்கப்பறம் வாராவாரம் வருவாங்க. ஆஸ்பத்திரி முடிஞ்சு, சில நாளு மாட்டுத் தொழுவத்துல போடற கம்பூட்ஸைக் கூடக் கழட்டாம வந்துருவாங்க. கேமராவுக்குப் பின்னாடி மாட்டற டிஜிட்டல் பெட்டியோட பேட்டரி ஆவணியிலயே செத்துப் போச்சு. எங்கயும் கெடைக்கல. அவங்கதான், மாட்டுக்கு சினை பாக்கற பழைய ஸ்கேன் மெஷின் ஒண்ணு கழிச்சுப் போட்டது இருக்குதுன்னு அதோட பேட்டரியைக் கழட்டிக் கொண்டாந்து குடுத்தாங்க. எலக்ட்ரீசியனை வெச்சு ஒயரைச் சேத்தோம். ஓடுதுங்க. அதுல இருந்து என்ற ஸ்டுடியோவுல எடுக்கற ஒவ்வொரு பொண்ணு போட்டோவுக்கும் எருமை மாட்டுக் கரெண்டு. வெளிய சொல்லீராதீங்க.

ஏனுங்கண்ணா சிரிக்கறீங்க? பேட்டரிக்குத்தானுங்களே? அப்பச் சரி.

அவிங்கம்மாவும் கூடவே வருவாங்க. ஒப்பிட்டு, அதானுங்க போளி, பண்ணுனா எடுத்துட்டு வருவாங்க. ஒரு நாளு உக்காந்துட்டு, தம்பி நீங்க எந்தக் கூட்டம்னு கேட்டாங்க. உங்க பக்கம் கோத்திரம்பீங்கள்ல, எங்களுக்குக் கூட்டம். ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி மொறை, கட்டிக்க மாட்டோம். வேற வேற கூட்டம்னாத்தான் மாமன் மச்சான் மொறை வரும், சம்பந்தம் பண்ணிக்கலாம். நாங்க பயிரன் கூட்டமுங்கன்னேன். நாங்க தூரன், அப்பச் சரின்னு சொல்லிட்டு இன்னொரு ஒப்பிட்டை எடுத்து வெச்சாங்க. என்ன சரியோ. வயசானவங்க இப்படித்தானுங்க, போட்டோ எடுக்கற எடத்துல சம்பந்தமில்லாம எதையாச்சும் கேட்டுட்டு இருப்பாங்க. எனக்கு வெளிச்சம் போயிட்டிருக்குது.

கண்ணு மூடறது ஐப்பசியில நின்னுச்சு. அப்பாடான்னு இருந்தா, புதுப் பிரச்சனை. பார்வை. அவங்க லென்ஸைப் பாக்கறதே இல்லீங்க. எந்தப் படத்தை எடுத்துக்கோங்க, கண்ணு ரெண்டும் நல்லாத் தொறந்து, தெளிவா, இமைமுடி ஒவ்வொண்ணும் எண்ணலாம். ஆனா பார்வை லென்ஸுக்கு மேல போகுது. ஒரு படத்துல இல்ல, எல்லாத்துலயும் அதே மேல. லென்ஸைப் பாருங்க, லென்ஸைப் பாருங்கன்னு தொண்டை வறண்டு போற வரைக்கும் சொன்னேன். பாத்துட்டுத்தான் இருக்கறேன்னாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பற போட்டோவுல பொண்ணு நேராப் பாக்கோணுமுங்க. இல்லாட்டி வேற எங்கயோ நெனப்புன்னு சொல்லீருவாங்க. ஓசூர் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணை அனுப்பிப் பாத்தாரு ஐயா. அதையேதான் சொன்னாங்க.

இதுல எனக்கு ஆத்தாமை என்னன்னா, ஆபீஸ் அடையாள அட்டைக்கு லோகுகிட்டப் போயி ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்திருக்கறாங்க. ஒரே க்ளிக்கு. கண்ணு தொறந்து, லென்ஸை நேராப் பாத்து, கல்லு மாதிரி. லோகு அதை என்கிட்டக் கொண்டாந்து காட்டி, உன்ற கேமராவைக் காயலாங்கடைக்குப் போடுங்கறான். எனக்கு எப்படி இருக்கும்? அவங்கிட்ட மட்டும் ஒழுங்காப் பாப்பாங்களாமா? ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாளு டாக்டரம்மா வந்தப்ப மூஞ்சி குடுத்துப் பேசல நான். என்னாச்சு பூபதின்னு கேட்டாங்க. லோகு போட்டோ நல்லா இருந்துச்சுங்கன்னேன். அதுல என்ன இருக்குது, அது அடையாள அட்டைதானேன்னாங்க. அதைக் கேட்டதும் என்னமோ மனசு லேசாயிருச்சுங்க.

மார்கழியில கேமராவே படுத்துருச்சு. படம் முழுக்க ஊதாக் கோடு, மேல இருந்து கீழ வரைக்கும். டாக்டரம்மா வந்தாங்க. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதுல மாட்டி, பெட்டி மேல வெச்சுக் கேட்டாங்க. உள்ள இருக்கற ஃபேன் ஓடுது, உசுரு இருக்குதுன்னாங்க. என்ற கூடப் பொறந்த அண்ணனே இதை இரும்புங்கறாரு.

நான் சொன்னேன், டாக்டரம்மா, இனி என்னை நம்பிப் பிரயோசனமில்லீங்க, லோகுகிட்டயே எடுத்துருங்கன்னு. அப்ப அவங்க சொன்னதைக் கேளுங்க. "எப்படியாவது சரி பண்ணுங்க பூபதி. அங்க போனா ஒரே க்ளிக்ல முடிஞ்சு போயிரும்." சொல்றப்ப மூஞ்சி வாடிப் போச்சு. ஒரே க்ளிக்குல முடிஞ்சா நல்லதுதானுங்களே, அதுக்கு எதுக்கு மூஞ்சி வாடோணும்? தரம் போயிருமேங்கற வருத்தம்தான். வேற என்ன இருக்குது.

இப்ப பெருந்துறையில ஒரு வரன் வந்திருக்குது. பனியன் எக்ஸ்போர்ட்டு. ஐயாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. நேத்துக் கூப்புட்டு முடிவாச் சொல்லீட்டாரு. நாளைக்குக் காலையில உன்ற கேமராவுல எடுத்துக் குடு, இல்லாட்டி லோகுகிட்ட எடுத்து அனுப்பீர்றேன், போட்டோ போயிட்டா இந்தத் தையிலயே நிச்சயம்னு. மாப்பிள்ளை போட்டோ நான் பாத்தேனுங்க. எனக்குத் திருப்தி இல்ல. ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ. பல்லு அளவுக்கு மீறி வெள்ளையா இருக்குது. டெக்னிக்கலாத்தான் சொல்றேன், எனக்கென்ன வந்துச்சு.

அதுக்குத்தான் விடியக்காலையிலயே பஸ்ஸேறி கோயமுத்தூர் வந்து, இதே மாதிரி செத்துப் போன இன்னொரு பெட்டியில இருந்து ஒரு ஒயரை எடுத்துப் போட்டேன், கோடு போயிருச்சு. நல்லாயிருச்சுங்க. ஆனா அண்ணா, நெசத்தைச் சொல்றேன், நல்லாயிருச்சுன்னதும் எனக்கு சந்தோசம் வரலீங்க. நாளைக்கு எடுத்துட்டா அவ்வளவுதான். அப்புறம் அவங்க எதுக்கு வரப்போறாங்க. வாரத்துல மத்த நாளெல்லாம் ஸ்டுடியோ வெறிச்சுன்னு கெடக்கும், வேலை இல்லாட்டி கேமராவுக்கு அப்படித்தான். இப்ப வாரம் பூராவும் அப்படி இருக்கும். அதை நெனச்சா ஒண்ணும் ஓடல. காலையில இருந்து சாப்புடாததாவும் இருக்கலாம்.

என்னங்கண்ணா கேட்டீங்க? பார்வை மேல போறது எடுக்கறப்பவே தெரியாதான்னா?

நல்ல கேள்விங்க. தெரியாது. இருங்க, எடுத்தே காட்டறேன். அந்த ஜிப்பைப் புடிங்க. ம். பாருங்க, எப்படி இருக்குது. இதைக் கண்ணுல வெச்சுப் பாக்கறது கெடையாதுங்க. மேல இந்த மூடியைத் தொறக்கோணும். கேமராவை வயித்துக்கு நேரா வெச்சுக்கோணும். இப்படிக் குனிஞ்சு உள்ள பாக்கோணும், கிணத்தை எட்டிப் பாக்கற மாதிரி. உள்ள கண்ணாடியில ஆளு மொத்தமே சுண்டு விரலு உசரம்தான் தெரியும். கண்ணு கடுகு. அது எங்க பாக்குதுன்னு என்னத்தைத் தெரியும். நானும் படம் எடுத்து முடியற வரைக்கும் நிமிரவே மாட்டேன். நிமிந்தா ஃபோகஸ் போயிரும்.

நீங்க எதிர்ல இருக்கறதா வெச்சுக்கோங்க. கொஞ்சம் திரும்பி உக்காருங்க. நான் குனிஞ்சுட்டேன். இப்ப லென்ஸைப் பாருங்க. பாக்கறீங்களா? பாத்துட்டே இருங்க, நான் திடுதிப்புன்னு நிமிர்றேன்.

பாத்தீங்களா, நீங்களே லென்ஸைப் பாக்கலியே. லென்ஸைப் பாருங்கன்னா என்ற மூஞ்சியப் பாத்துட்டிருக்கறீங்க.

நீங்களும் ஒரு சாண் மேலதான்...

...

இருங்கண்ணா. ஒரு நிமிசம். ஒண்ணும் பேசாதீங்க.

ஆடியில இருந்துங்க. ஆடி, ஆவணி, புரட்டாசி... நான் குனிஞ்சுட்டே இருந்திருக்கறேன்.

தண்ணி இருந்தாக் குடுங்க.

உங்களுக்கு அப்பவே தெரியுமா? பேட்டரி சொல்றப்பவேயா? சொல்லியிருக்கலாமுல்லண்ணா. அவிங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது. ஒப்பிட்டு எடுத்து வெச்சாங்களே. ஐயாவுக்கு மட்டும்தான் தெரியாது போல. எனக்கும். மூளைன்னு ஒண்ணு இருக்குதான்னு அந்த ஸ்கேன் மெஷினை வெச்சு என்னைத்தான் பாத்திருக்கோணும்.

என்ன பண்றதுங்க இப்ப? நாளைக்குக் காலையில வந்துருவாங்க. இன்னொருக்காக் குனிஞ்சு நின்னு அந்தப் பனியன்காரனுக்கு நான் போட்டோ எடுத்துக் குடுக்கோணுமா? எனக்கு முடியாதுங்க. கேமராவைக் கொஞ்சம் புடிங்க. கீழ வெக்காதீங்க, மடியிலயே வெச்சுக்கோங்க. நான் ஒரு போன் பண்ணிக்கறேன்.

ரிங்கு போகுது.

டாக்டரம்மாங்களா? பூபதிங்க... பஸ்ஸுல வர்றேன்... ஆமாங்க, சரியாயிருச்சுங்க, கோடெல்லாம் போயிருச்சு... இல்லீங்க, நாளைக்கு எடுக்கல... கேமரா நல்லாத்தான் இருக்குதுங்க, நான்தான் எடுக்க மாட்டேன்... எடுத்து அந்தப் பெருந்துறைக்கு அனுப்பறதுக்கு எனக்கு மனசு வரலீங்க... ஆமாங்க, இப்பத்தான்... ஒரு அண்ணன் சொல்லித்தான்... இல்லீங்க, அவரு சொல்லக்கூட இல்ல, சும்மா பாத்தாரு... ஐயாகிட்ட நானே வந்து பேசறேன். காலையில வர்றேன். எங்கண்ணனையும் கூட்டிட்டு வர்றேன், அவரு வருவாரு, நானே போயிக் கூப்புடறேன்... உங்களுக்குச் சம்மதம்தானுங்களே?... ஹலோ?... டாக்டரம்மா?... வாணி, லைன்ல இருக்கறீங்களா?... பஸ்ஸு சத்தமுங்க, ஒண்ணும் கேக்கல, அழுகறீங்களா?...

அண்ணா, சிரிக்குதுங்க.

என்ன சொல்லுச்சா? கேட்டுட்டு இருக்கறேன், இருங்க... ம்... ம்... சரிங்க.

வெச்சுருச்சு.

"அப்பாகிட்டப் பேசறப்பவாவது நிமிந்து பேசுவீங்களா?"ன்னு கேக்குதுங்கண்ணா.